காவடி நாளில் சிறுநீர் குறைந்தது ஏன்?

கேள்வி (காத்ர் போர்ன், மொரீசியஸ்):
அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்தன்று விரதத்தோடு காவடி சுமந்து, கொளுத்தும் வெயிலில் மலைக்கோவிலுக்கு நடந்த என் தம்பிக்கு, மாலை வரை ஒரே ஒரு முறைதான், அதுவும் அடர்மஞ்சளாக, சிறுநீர் வந்தது. சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று அம்மா அஞ்சுகிறார். இது நோயின் அறிகுறியா?

மறுமொழி (ரோஸ் ஹில்):
அக்கா, பெரும்பாலும் இது உடலே செய்துகொள்ளும் ஏற்பாடுதான். வியர்வையால் நீர் குறைந்து இரத்தத்தில் உப்பின் செறிவு 1 அல்லது 2 விழுக்காடு கூடினாலே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, தாகத்தை எழுப்புவதோடு, நீரைத் தக்கவைக்கும்படி சிறுநீரகங்களுக்குச் சொல்ல, தான் உருவாக்கும் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோனைத் தனக்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டினாலும், பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் 1 அல்லது 2 லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. வாசோப்ரெசின் மிகும்போது அது அரை லிட்டராகவும் குறையும். என்னை வியக்க வைப்பது வேறொன்று: குடித்த நீர் இரத்தத்தில் கலந்து முடியும் முன்பே, தொண்டையும் வயிறும் அனுப்பும் செய்தியைக் கேட்டு மூளை தாகத்தை அடக்கிவிடுகிறது.

மறுமொழி (போர்ட் லூயி):
வியர்வையில் உப்பும் போகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அட்ரீனல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உப்பைப் பிடித்துவைக்க முயன்றாலும், வெறும் தண்ணீரையே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் கூறான சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே உப்பிட்ட மோரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தாலோ, மறுநாளும் வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை சிறுநீர் வெளிர்மஞ்சளாகத் தெளிந்துவிட்டது, அம்மாவும் அமைதியடைந்தார்.