மறு: டோக்கனுக்குத் தமிழில் என்ன? வில்லை, வட்டு, காய்

வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மெய்நிகர் மேசையில் வரைபடத்தின் மேல் வைக்கும் 'டோக்கன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற ஒரே கேள்விக்கு ஏழு சொற்கள் வந்துவிட்டன. என் பங்குக்கு எட்டாவதாக ஒன்றைச் சேர்க்கப் போவதில்லை. வந்தவற்றில் ஒன்றுக்கு வாக்களிக்கத்தான் எழுதுகிறேன்.

> எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. பொருள் விளங்காமல் எப்படிச் சொல் தேடுவது?

நியாயமான கேள்வி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அதுபோல ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் சண்டை வந்தால், கட்டம் போட்ட விரிப்பை மேசையில் விரித்து அதன்மேல் சின்னச் சின்னப் பொம்மைகளை வைப்பார்கள். விரிப்பில் ஓர் அங்குலம் என்றால் கதைக்குள் ஐந்து அடி. ஆளுக்கொரு திசையில் இருப்பவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார முடியாதே, அதனால் அந்த மேசையே கணினித் திரைக்கு வந்துவிட்டது. ஃபேண்டசி கிரவுண்ட்ஸ் என்ற மென்பொருள் 2004இல் வந்தது, ரோல்20 2012இல், ஃபவுண்ட்ரி 2020இல். இவற்றில் விரிப்பின் இடத்தில் ஒரு படம், பொம்மையின் இடத்தில் இழுத்து நகர்த்தக்கூடிய இன்னொரு சின்னப் படம். அந்தச் சின்னப் படம்தான் டோக்கன்.

> அப்படியானால் 'பாத்திரம்' என்றே சொல்லிவிடலாமே?

கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல்முறை ஆட்டம் நடத்தியபோது கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றுக்குப் பாத்திரத்தாள் (அதன் திறன்களையும் உயிரையும் குறிக்கும் தாள்) எழுதி, அதிலிருந்து ஆறு டோக்கன்களை வரைபடத்தில் இழுத்து வைத்தேன். ஆறையும் அந்த ஒரே தாளோடு இணைத்துவிட்டது தெரியவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் ஒரு கோப்ளினை வெட்டினார். ஆறுக்கும் உயிர்ப்புள்ளி, அதாவது மிச்சமுள்ள உயிரின் அளவு, குறைந்தது. அடுத்த வெட்டில் ஆறும் ஒன்றாகச் செத்தன. அன்றைய சண்டை அவ்வளவுதான்.

தாள் வேறு, அதன் பேரில் கட்டத்தில் நிற்கும் உரு வேறு. நாயகனுக்கு இரண்டும் இணைந்திருக்க வேண்டும். இன்று பட்ட காயம் அடுத்த வார ஆட்டத்திலும் இருக்கும் அல்லவா? கூட்டமாக வரும் எதிரிகளுக்கு இணைப்பு இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தாளில் இருப்பது பாத்திரம், கட்டத்தில் நிற்பதற்கு வேறு சொல் தேவை. அந்தச் சொல்லிலிருந்தே 'இணைந்த', 'தனி' என்ற இரண்டு வகையையும் உண்டாக்க முடிய வேண்டும்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

'வில்லை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் ஏற்கனவே கொடுத்துவிட்டோம், கடவுச்சொல்லோடு வரும் பாதுகாப்பு டோக்கனுக்கும் சிலர் எழுதுகிறார்கள். தவிர, வில்லை என்றதும் வட்டமாக ஒன்றுதான் மனத்தில் வருகிறது. மேலிருந்து பார்த்தபடி வரைந்த குதிரைக்கு ஏது வட்டம்? 'சின்னம்' படவுருவோடு (ஐகான்) மோதும். 'அடையாளம்' நல்ல சொல்தான், ஆனால் மயக்கம், நஞ்சு என்று டோக்கனின் மூலையில் ஒட்டும் குறிகளுக்கு அது வேண்டியிருக்கும்; இப்போதே செலவழித்துவிட வேண்டாம். 'பதிலி' கணினி வலையமைப்பு வேலை செய்பவர்கள் சொத்து, 'பிராக்சி'க்கு அதைத்தான் எழுதுகிறார்கள். 'உருவம்' மிகப் பொது.

> 'வட்டு' பழைய சொல். குறளிலேயே இருக்கிறது.

இருக்கிறது. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்ற 401ஆம் குறளைச் சொல்கிறீர்கள். நற்றிணை மூன்றாம் பாட்டிலும் வேப்பமர நிழலில் சிறுவர்கள் அரங்கு இழைத்து நெல்லிவட்டு ஆடுகிறார்கள். ஆனால் இன்று வட்டு என்றால் கணினியின் வன்வட்டும் குறுவட்டும்தான். 'உங்கள் வட்டைத் திரைக்கு இழுங்கள்' என்று எழுதினால் படிப்பவர் கோப்பைத் தேடுவார்.

அந்தப் பாட்டுகளில் எனக்கு உதவுவது வட்டு அல்ல, 'அரங்கு'. அங்கே அரங்கு என்பது நாடக மேடை அல்ல. ஆடுவதற்காகத் தரையில் கீறிய கட்டம். அதைக் கீறுவதற்கு 'இழைத்தல்' என்ற வினையும் கையோடு கிடைக்கிறது. படத்தைப் போட்டு, கட்டத்தைப் பொருத்தி, சுவரும் வெளிச்சமும் வைத்துத் தயார்செய்யும் மொத்த வேலைக்கும் 'அரங்கிழைத்தல்' என்று ஏன் சொல்லக்கூடாது? ஃபவுண்ட்ரியில் 'சீன்' என்று வருவதற்கு 'அரங்கு' அப்படியே பொருந்தும். 'காட்சி' என்று போட்டால், ஆட்டக்காரர் கண்ணுக்கு எது தெரிகிறது என்று பேசும் இடத்தில் குழப்பம் வரும்.

டோக்கனுக்கு என் வாக்கு 'காய்'. சதுரங்கத்திலும் தாயத்திலும் கட்டத்தில் நிற்பதை வேறு எப்படிச் சொல்கிறோம்? அதற்கான வினைகளும் கூடவே வருகின்றன: காயை வை, நகர்த்து, எடு, வெட்டு. இணைந்த காய், தனிக்காய். காய்ப்படம், காயளவு. கத்தரிக்காயோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சதுரங்கம் ஆடும் யாரும் இதுவரை குழம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. தீப்பந்தம், புதையல்பெட்டி இவற்றைக்கூட டோக்கனாகத்தான் வைப்போம், அவை நகராது. காய் என்றால் நகர வேண்டும் என்று காதுக்குத் தோன்றும். ஆனாலும் தரையோடு ஒட்டாமல் கையால் எடுத்து வைக்கக்கூடியது என்ற பொருளில் அதுவும் காய்தான்.

> 'கிரிட்' என்பதற்குக் கட்டம் போதாதா? ஏன் தனிச்சொல்?

போதாது. ஒரு சதுரத்துக்கும் கட்டம், முழு வலைக்கும் கட்டம் என்றால் கற்றுக்கொடுக்கும்போது நாக்கு சிக்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவதே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரோல்20இல் ஒரு கட்டம் இயல்பாக 70 படப்புள்ளி (பிக்சல்), ஃபவுண்ட்ரியில் 100. உங்கள் வரைபடம் 2800க்கு 2100 புள்ளி, அதில் 40க்கு 30 கட்டங்கள் வரைந்திருக்கின்றன என்றால் ஒரு கட்டம் சரியாக 70. கவலையே இல்லை. ஆனால் 2000 புள்ளி அகலத்தில் 30 கட்டங்கள் என்றால் ஒன்று 66.67. மென்பொருளில் 67 என்று போட்டால் முதல் நான்கைந்து கட்டங்கள் அழகாகப் பொருந்தும். கடைசிக் கட்டத்துக்குப் போகும்போது பத்துப் புள்ளி தள்ளி நிற்கும், காயின் ஓரம் சுவருக்குள் ஏறியிருக்கும். ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு புள்ளிதான் பிசகு. முப்பது கட்டத்தில் அதுவே சேர்ந்து பத்தாகிறது. எனவே முதலில் படத்திலுள்ள கட்டங்களை எண்ணுங்கள், பிறகு படத்தை அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள். 30 கட்டத்துக்கு 70 வீதம் 2100 புள்ளி அகலம், முடிந்தது. படத்தைச் சுற்றி வெற்று ஓரம் இருந்தால் அதை முதலிலேயே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அளவு சரியாக இருந்தும் வலை முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

மேலே என்னையறியாமல் 'கட்டம்', 'வலை' என்று பிரித்து எழுதியிருக்கிறேன். சதுரம் கட்டம், அவை சேர்ந்தது கட்டவலை. அறுகோணத்துக்கும் பொருந்தும். காயளவையும் கட்டத்தாலேயே சொல்லலாம்: மனிதனுக்கு ஒரு கட்டம், குதிரைக்கு இரண்டுக்கு இரண்டு, பெரிய டிராகனுக்கு நான்குக்கு நான்கு.

> 'லேயர்' படலமா, அடுக்கா?

அடுக்கு. படலம் என்றால் கண்ணில் வருவதோ காப்பியத்தில் வருவதோ நினைவுக்கு வருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக வருபவை இவை: தரையடுக்கு, காயடுக்கு, ஆட்டத்தை நடத்துபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் நடத்துநர் அடுக்கு. வரைபடத்தைக் காயடுக்கில் விட்டுவிட்டால் காயை இழுக்கப் போய் மலை, காடு, கோட்டை எல்லாம் சேர்ந்து நகரும். எல்லோரும் ஒருமுறை செய்கிற தவறு. அதைவிட மோசம், பதுங்கியிருக்க வேண்டிய எதிரிகளை நடத்துநர் அடுக்கில் வைக்க மறப்பது. கதவைத் திறக்கும் முன்பே ஒருவர், "உள்ளே நாலு பேர் நிற்கிறார்களே" என்றார். அப்புறம் என்ன பதுங்கல்!

'ஃபாக் ஆஃப் வார்' என்பதற்கு 'போர்ப்பனி' என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆராயாத இடத்தை மறைக்கும் கருப்புக்குள் போரும் இல்லை, பனியும் இல்லை. 'மூட்டம்' போதும். மூட்டம் போடு, மூட்டம் விலக்கு. சுவர் தடுப்பதற்கு ஏற்பத் தானாக விலகும் வகைக்குப் 'பார்வை மூட்டம்' என்று வைத்துக்கொள்வோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கலைச்சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். செயல்முறை வாக்கியத்தில் போட்டால்தான் வண்டவாளம் வெளிவரும். நான் போட்டுப் பார்த்தது இது:

"புதிய அரங்கைத் திறந்து வரைபடத்தைத் தரையடுக்கில் போடவும். கட்டவலையைப் பொருத்தவும். ஆட்டக்காரர் காய்களைக் காயடுக்கிலும், பதுங்கியிருப்பவற்றை நடத்துநர் அடுக்கிலும் வைக்கவும். எதிரிகள் தனிக்காயாக இருக்கட்டும். நுழைவாயில் தவிர மற்ற இடங்களில் மூட்டம் போடவும்."

எனக்கு எங்கும் இடறவில்லை. 'காய்' இருக்குமிடத்தில் 'வில்லை'யைப் போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. காயை இரண்டு கட்டத்துக்கு நடுவில் விட்டால் அது தானாகக் கிட்டத்துக் கட்டத்துக்குள் போய் உட்காருமே, அந்த 'ஸ்னாப்'. 'ஒட்டு' என்றால் பசை போலிருக்கிறது, 'பொருந்து' என்பதை வலைக்குச் செலவழித்துவிட்டோம். 'கட்டம் காயைக் கவ்வுகிறது' என்று சொல்லிப் பார்த்தேன். அமைப்புப் பக்கத்தில் 'கவ்வல்: ஆம் / இல்லை' என்று வரும். கொஞ்சம் நாய் கடிப்பது போல இருக்கிறதோ?