போலீஸ் ஜீப் சுழல்விளக்கு: ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, அவசரம்

பழையஜீப்: வணக்கம். மேல்விளக்கைப் போட்ட ஐந்து நிமிடத்தில் ஃபியூஸ் போய்விடுகிறது. மூன்று மாற்றிவிட்டேன். நாளை காலை ஆறு மணிக்கு வண்டி செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நிற்க வேண்டும். உடனே சொல்லுங்கள்.

ரஸ்தா வயர்மேன்: எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? எல்இடியா, ஹாலஜனா? வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

கல்லல்காரன்: எர்த்தான் தம்பி, விளக்கின் நெகட்டிவ் வயர் வண்டி உடம்போடு சேரும் இடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கூரைப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் போல்ட்டை முடுக்குங்கள்.

விதி108: எர்த் மோசமானால் விளக்கு மங்கும், ஃபியூஸ் போகாது. இதை எத்தனை முறைதான் எழுதுவது! கேள்வி கேட்கவும் பழக வேண்டும். முதலில், நீங்கள் காவல்துறையா?

பழையஜீப்: இல்லை ஐயா, படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் வண்டி. விளக்கு பழைய பொருள் கடையில் வாங்கியது. ஹாலஜன், 55 வாட் இரண்டு. 12 வோல்ட், 10 ஆம்பியர் ஃபியூஸ். வலப்பக்கம் சுழலாமல் முனகுகிறது, அது பரவாயில்லை.

ரஸ்தா வயர்மேன்: அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! 110 வாட்டை 12ஆல் வகுத்தால் பல்புக்கே 9 ஆம்பியருக்கு மேல். சிக்கிய மோட்டார் இன்னும் இழுக்கும். மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் பாருங்கள்.

கல்லல்காரன்: 30 ஆம்பியர் போட்டால் தீர்ந்தது.

ரஸ்தா வயர்மேன்: அண்ணே, ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். தடித்த வயர், ரிலே (சின்ன சுவிட்சால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் கருவி), 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

விதி108: சாலையில் இந்த விளக்கோடு போகக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 108. 2017 மே 1 முதல் அமைச்சர்களுக்கே சிவப்பு விளக்கு கிடையாது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு சட்டம் ஒழுங்குப் பணியில் இருக்கும் போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரப் பணி வண்டிகளுக்கு மட்டும்.

மூன்றாம்கட்டு: போலீசே அணைத்துவிட்டு வந்தால் நல்லது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ரோந்து வண்டியின் நீல வெளிச்சம் கண்மாய்க் கரையிலேயே தெரிகிறது. தேக்குக் கதவைப் பெயர்க்க வந்தவன் சாவகாசமாகச் சுவரேறிப் போய்விடுகிறான்.

கல்லல்காரன்: போய்விட்டான் அல்லவா? சைரன் இல்லாமல் விளக்கை மட்டும் சுழலவிடுவது அதற்குத்தான். தனியாக இருக்கும் ஆச்சிக்கும் அந்த வெளிச்சம் தைரியம்.

மூன்றாம்கட்டு: கதவு போனது எங்கள் வீட்டில். உங்கள் வீட்டில் இல்லை.

விதி108: நீலம் ஏன் என்றாவது தெரியுமா? இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பைவிட நீலம் பளிச்சென்று படும். பகலில் சிவப்பு எடுப்பாகத் தெரியும். இரண்டும் வைப்பது அதனால்தான்.

மூன்றாம்கட்டு: திருடனுக்கும் அதே கண்தான் ஐயா.

பழையஜீப்: பல்சக்கரத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குச்சியால் நோண்டி எடுத்துக் கிரீஸ் வைத்தேன். வயரும் மாற்றியாகிவிட்டது. ஒரு மணி நேரமாகச் சுற்றுகிறது. நன்றி.

ரஸ்தா வயர்மேன்: நல்லது. விளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டுதானே ஓட்டிப் போவீர்கள்?

விதி108: பதில் வராது.