ரேம் தீர்ந்தால் கணினி உறைவதா, ஒரு நிரலைக் கொல்வதா?

ஈசூன் டீச்சர்:
வீட்டில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். மடிக்கணினியில் 8 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ், ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) கிடையாது. நேற்றிரவு தொடக்கநிலை 5 பிள்ளைகளுக்குக் கருத்தறிதல் தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் தாள், படங்களைத் திருத்தும் கிம்ப்பில் ஸ்கேன் படங்கள், பயர்பாக்ஸில் ஏகப்பட்ட டேப். திடீரென்று மவுஸ் நின்றுவிட்டது, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். தாளில் பாதி போயிற்று. தங்கையின் மேக்கில் என்றால், எதை மூடலாம் என்று கேட்டு ஒரு பெட்டி வருகிறது. லினக்ஸ் ஏன் கேட்பதில்லை? இடமில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டியதுதானே?

ஜூரோங் நைட் ஷிஃப்ட்:
டீச்சர், உங்கள் கோபம் நியாயமானது. ஸ்வாப்பே இல்லாதபோது டிஸ்க் ஏன் ஓடியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓடும் நிரலின் கோப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருப்பதால், ரேமில் உள்ள அதன் பக்கங்களை (சின்னச் சின்னத் துண்டுகளை) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தயங்காமல் தூக்கிவிடும். அடுத்த கணமே அந்தப் பக்கம் தேவைப்படும். மறுபடி படிக்கும், அதற்கு இடம் வேண்டி இன்னொன்றைத் தூக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடம் கிடைத்துவிடுகிறதே, அதனால் கெர்னலின் கணக்கில் ரேம் இன்னும் தீரவில்லை. ரேம் தீர்ந்தால் ஒரு நிரலைக் கொல்லும் ஓஓஎம் கில்லரை அது லேசில் கூப்பிடாது. மவுஸை நகர்த்தும் நிரலும் இதே சுழலில் மாட்டிக்கொள்ளும்.

கில்லர் இருப்பது கெர்னலைக் காப்பாற்ற. உங்கள் தாளைக் காப்பாற்ற அல்ல. "எதையும் கொல்லக் கூடாது" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உறைந்த கணினியில் எல்லா நிரலும் செத்த மாதிரிதான். ரேம் எவ்வளவு மிச்சம் என்பதைவிட, நிரல்கள் ரேமுக்காக எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கின்றன என்று பார்ப்பதே சரி. 2018 கடைசியில் வந்த கெர்னல் 4.20 முதல் பிஎஸ்ஐ என்ற பெயரில் அந்த அளவு கிடைக்கிறது. அதை வைத்துத்தான் சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்ற பின்னணி நிரல் முன்கூட்டியே தலையிட்டு, ரேமைத் தின்னும் நிரல்களைக் கொல்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸில் 34 ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது.

தெம்பனிஸ் டேட்டாபேஸ்:
டீச்சரின் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டீர்களே அண்ணே. கேட்டவருக்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு திண்டாடுவது லினக்ஸின் பழக்கம். இதுதான் ஓவர்கமிட். விண்டோஸ் அப்படியில்லை: ரேமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்த வரம்பைத் தாண்டினால் அங்கேயே மறுத்துவிடும். லினக்ஸிலும் விஎம்.ஓவர்கமிட்_மெமரி என்ற கெர்னல் அமைப்பை 2 ஆக்கினால் அப்படி மறுக்க வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேடே அதைத்தான் பரிந்துரைக்கிறது. அதன் ஒரு பேக்எண்டை (ஓர் இணைப்பைக் கவனிக்கும் செயல்முறையை) கில்லர் கொன்றாலும் மற்ற இணைப்புகள் எல்லாம் அறுந்து, டேட்டாபேஸ் மீட்பு வேலையில் இறங்கிவிடும். இல்லாததைத் தருவதாக ஒப்புக்கொள்வதே தப்பு என்பேன்.

ஜூரோங் நைட் ஷிஃப்ட்:
டேட்டாபேஸ் சர்வருக்குச் சரி தம்பி. டீச்சரின் கணினிக்கு ஒத்துவராது. அந்த 2 இல் வரம்பு என்பது வழக்கமாக ஸ்வாப் முழுவதும், அதோடு ரேமில் 50 விழுக்காடும். ஸ்வாப் இல்லாத 8 ஜிபியில் சுமார் 4 ஜிபிக்கு மேல் தரவே தராது. பயன்படுத்தாமல் கேட்டு மட்டும் வைத்திருக்கும் இடமும் அதில் சேரும். மறுக்கப்பட்டால் பெரும்பாலான நிரல்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அப்படி விழுவது அள்ளித் தின்ற பயர்பாக்ஸாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? கடைசியாக ஒரு துளி கேட்ட ரைட்டராகவும் இருக்கலாம்.

ஈசூன் டீச்சர்:
அதேதான் என் பயம். அப்படியானால் எதைக் கொல்ல வேண்டும் என்று நானே சொல்லி வைக்க முடியுமா?

ஜூரோங் நைட் ஷிஃப்ட்:
முடியும், சொல்லத்தான் வேண்டும். எது முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எர்லிஓஓஎம் என்ற சின்ன நிரலை நிறுவுங்கள். ரேமும் ஸ்வாப்பும் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெரிய நிரலுக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி சிக்னல் அனுப்பும். 5 க்குக் கீழே போனால் கொன்றேவிடும். அதன் அவாய்ட் (முடிந்தவரை கொல்லாதே) பட்டியலில் கிம்ப்பையும் ரைட்டரையும் சேருங்கள். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் பார்த்தால் ரைட்டர் 'எஸ்ஆஃபிஸ்.பின்' என்ற பெயரில் இருக்கும், அந்தப் பெயரையே கொடுங்கள். பயர்பாக்ஸ் டேப் போனால் போகட்டும், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

மேக் நின்று நிதானமாகக் கேட்க முடிவதற்குக் காரணம், 2013 முதல் அது ரேமைச் சுருக்கி வைக்கிறது, போதாததற்கு டிஸ்க்கில் ஸ்வாப்பும் உண்டு. உங்களுக்கும் ஸீராம் (ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் லினக்ஸ் வசதி) போட்டால் அந்த அவகாசம் கொஞ்சம் கிடைக்கும். அப்புறம், ரைட்டரின் தானியங்கி மீட்புச் சேமிப்பு 10 நிமிடத்தில் இருக்கும். அதை 2 ஆக்கிவிடுங்கள்.