துருவக் களப் பயிற்சியாளர் வேலை: மலையேற்ற அனுபவம் மட்டும் போதுமா?

உறைகயிறு:
பனிமலைகளில் வழிகாட்டியாக இருக்கிறேன். அண்டார்டிகா நிலையங்களில் விஞ்ஞானிகளுக்குக் களப் பயிற்சி கொடுத்து, கூடவே கூடாரத்தில் தங்கி, பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவரும் வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. கயிறு, பனிப்பிளவு மீட்பு எல்லாம் கைவந்ததுதான். வேறு என்ன எதிர்பார்ப்பார்கள்?

தென்காற்று:
அண்டார்டிகாவில் இருக்கும் ரோத்தெரா நிலையத்தில் பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு எடுப்பதே மலை ஆட்களைத்தான், அதனால் அடிப்படை சரி. ஆனால் அங்கே உங்கள் கயிற்றில் இருக்கப்போவது மலையேற வந்தவர் இல்லை, ஆய்வுக்குப் பனிக்கட்டி மாதிரிகளை எடுக்க வந்தவர். துளையிடும் கருவி ஓடுகிறதா என்பதுதான் அவர் கவலை, கால் மரத்துப்போனதைச் சொல்லக்கூட மாட்டார். அடிக்கடி முகத்தைப் பார்த்து, மூக்கு நுனியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது குளிரில் சதை உறையும் அறிகுறி, வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும், நிறுத்தவும் வைக்க வேண்டும். (பனியை வைத்துத் தேய்ப்பதெல்லாம் பழைய வைத்தியம், சதை இன்னும் கெடும்.)

அமெரிக்கர்களின் மெக்மர்டோ நிலையப் பயிற்சியில் தலையில் வெள்ளை வாளியைக் கவிழ்த்து, கயிற்றைப் பிடித்தபடி காணாமல்போனவரைத் தேட விட்டிருக்கிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பனிப்புயலில் பக்கத்துக் கூடாரமே தெரியாது என்பது அப்போதுதான் உறைக்கும்.

பனிக்கோடரி:
மீட்பு கைவந்தது என்கிறீர்களே, இரண்டே பேராகப் போகும்போது செய்து பார்த்ததுண்டா? விழுந்தவரின் எடை உங்கள் இடுப்பை இழுக்க, கிடந்தபடியே பள்ளம் தோண்டி, ஸ்கீயைக் குறுக்கே புதைத்து நங்கூரம் போட வேண்டும். கயிறு விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும், அடியில் ஒரு பையையாவது கொடுக்காவிட்டால் இழுக்கும் பாரத்தை மூன்றில் ஒன்றாக்கும் கப்பி கட்டினாலும் ஆள் மேலே வரமாட்டார்.

அப்புறம், எல்லோரும் பனிப்பிளவையே பேசுகிறார்கள், எனக்குப் பயம் கூடார ஸ்டவ்தான். பனியை உருக்கினால்தான் தண்ணீர், அதனால் அது மணிக்கணக்கில் எரியும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. தலைவலி வந்தால் களைப்பு என்று படுத்துவிடுவார்கள்.

உறைகயிறு:
இருவர் மீட்பை நிஜ எடையோடு செய்ததில்லை, பழகிப் பார்க்கிறேன். முதலில் ஆர்க்டிக் பக்கம் போனால் உதவுமா?

தென்காற்று:
உதவும், ஆனால் பாடம் வேறு. ஆர்க்டிக்கில் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் குடியிருப்பைத் தாண்டினால் துருவக் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருந்தாக வேண்டும், சட்டம். விரட்டச் சுடும் ஒளிக்குண்டு கரடிக்குப் பின்னால் வெடித்தால் அது உங்கள் பக்கம்தான் ஓடிவரும். உங்களுக்கும் அதற்கும் நடுவில் விழும்படி சுடப் பழக வேண்டும். தெற்கே அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் கேட்பது வனப்பகுதி முதலுதவிப் படிப்பு, அதை முதலில் முடியுங்கள். களத்தில் மருத்துவர் ரேடியோவில்தான் இருப்பார், கட்டுப் போடுவது நீங்கள்.