லெட்யூஸ் நாற்று: எந்தப் பதத்தில் பிரிப்பது, எங்கே பிடிப்பது

குடும்பத் தோட்டம் – வாட்ஸ்அப் குழு

சனிக்கிழமை

நித்யா (கோவை), காலை 7:10
அனைவருக்கும் காலை வணக்கம். [படம்] ஐஸ்கிரீம் டப்பாவில் தூவிய லெட்யூஸ் (சாலட் கீரை) விதைகள் இடைவெளியே இல்லாமல் அடர்ந்து முளைத்திருக்கின்றன. வித்திலைகள் இரண்டுக்கும் நடுவில், ஓரம் சற்றே பல்போல் வெட்டுப்பட்ட புது இலை ஒன்று எட்டிப் பார்க்கிறது. இவற்றை இப்போதே தனித்தனியாகப் பிரித்து நடலாமா, அல்லது இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விடலாமா, பெரியப்பா?

பெரியப்பா (குன்னூர்), காலை 7:32
இதுதான் பதம், நித்யா. முதலில் விரிந்த வழுவழுப்பான இரண்டும் விதைக்குள்ளேயே இருந்தவை; நடுவில் வருவதுதான் செடி தானாக விடும் முதல் இலை. அது தலைகாட்டும் சமயத்தில் வேர் அதிகம் கிளைத்திருக்காது, பக்கத்துச் செடியின் வேரோடு பின்னிக்கொண்டும் இருக்காது. தள்ளிப்போட்டால் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு நாற்றுகள் நூலாக நீண்டு சாயும். காற்று புகாத அந்த நெரிசலில் நாற்றழுகல் நோயும் வந்து சேரும். உன் படத்தில் இடது ஓரத்தில் ஒரு நாற்று, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு சுருங்கிப் பழுப்பாகிச் சாய்ந்திருக்கிறது, பார். அதைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி அப்புறப்படுத்திவிட்டு மற்றவற்றில் கை வை.

அருண் (பெங்களூரு), காலை 7:50
மாமா, முள்ளங்கியைப் போல நேரடியாகத் தொட்டியிலேயே விதைத்து, வேண்டாததைக் களைந்துவிட்டால் இந்தச் சிரமமே இருக்காதே?

பெரியப்பா, காலை 8:05
குன்னூரில் அப்படிச் செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான லெட்யூஸ் ரகங்களின் விதை, ஈரம் இருந்தாலும் முளைக்காமல் உறங்கிப் போய்விடும். கோவை மொட்டை மாடித் தொட்டியில் ஐப்பசி, கார்த்திகையில்கூட மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் அந்தச் சூடு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் குளுமையான இடத்தில் முளைக்க வைத்துப் பிறகு மாற்றுவதுதான் அங்கே கைகொடுக்கும். விதையை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவியதும் சரியே. பல ரகங்களுக்கு முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தினர், சிவப்பு ஒளி பட்டால் விதை முளைப்பதையும், அதை அடுத்துத் தொலைசிவப்பு ஒளி (சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளி) பட்டால் முளைக்காமல் நின்றுவிடுவதையும் லெட்யூஸ் விதையை வைத்துத்தான் காட்டினார்கள். செடிகள் வெளிச்சத்தை உணரும் விதம் பிடிபட்டதில் இந்தக் கீரையின் விதைக்குப் பெரிய பங்கு உண்டு.

செல்வி அத்தை (ஈரோடு), காலை 8:20
அண்ணா, நாற்று நூலாக நீண்டிருந்தால் தக்காளிக்குச் செய்வதுபோல் கழுத்துவரை ஆழமாக நட்டுவிட்டால் போதுமே, தானாக நிமிர்ந்துவிடாதா?

பெரியப்பா, காலை 8:41
தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அந்தத் தண்டிலிருந்தே புதிதாக வேர் விடும், செல்வி. அதனால் அதை எவ்வளவு புதைத்தாலும் லாபமே. லெட்யூஸுக்கு அந்தக் குணம் கிடையாது. அதன் இலைகள் எல்லாம் தரையை ஒட்டிய குட்டைத் தண்டின் உச்சியில், ஒரே குருத்திலிருந்து வருகின்றன. அந்தக் குருத்துக்குள் மண் புகுந்து ஈரம் தங்கினால் செடி நடுவிலிருந்து அழுகும். மெலிந்து நீண்ட நாற்றை வித்திலைகளின் அடிவரை இறக்கலாம், அதற்குமேல் கூடாது. மற்றவற்றை, டப்பாவில் எந்த ஆழத்தில் நின்றனவோ அதே ஆழத்தில் நட்டால் போதும்.

நித்யா, காலை 8:50
குழித்தட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கோகோபீட்டும் மண்புழு உரமும் இருக்கின்றன. எடுக்கும்போது வேர் அறுந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியப்பா, காலை 9:15
வேருக்காகப் பயப்படாதே, தண்டுக்காகப் பயப்படு. வேரின் நுனி அறுந்தால் பக்கத்தில் கிளைத்துக்கொள்ளும், வித்திலை ஒன்று கிழிந்தாலும் செடி சமாளித்துக்கொள்ளும். ஆனால் தண்டு ஒன்றுதான், அது விரல் நுனியில் கொஞ்சம் நசுங்கினாலும் தண்ணீர் மேலே ஏறும் வழி அடைபட்டு, அன்று நன்றாகத் தெரிந்த நாற்று ஓரிரு நாளில் துவண்டு படுத்துவிடும். ஆகவே எப்போதும் வித்திலையைப் பிடித்தே தூக்க வேண்டும்.

முதலில் குழித்தட்டை நிரப்பி, நனைத்து, பென்சிலால் குழி போட்டு வைத்துவிடு. நாற்றை வெளியே எடுத்த பிறகு இடம் தேடினால் அந்த மெல்லிய வேர் காற்றில் காய்ந்துவிடும். கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் ஈரம் போதும். ஒரு மணி நேரம் முன்பே டப்பாவுக்கும் தண்ணீர் தெளித்துவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியை ஓரமாக இறக்கி அடியிலிருந்து நெம்பிச் சிறு கட்டியாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து மெல்ல உதிர்த்தால் நாற்றுகள் தாமாகப் பிரியும். ஒன்றை எடுத்து, வேர் மேல்நோக்கி மடங்காமல் குழிக்குள் தொங்கும்படி இறக்கி, பக்கத்து மண்ணைத் தள்ளி மூடு. அழுத்தாதே, பூவாளியால் விடும் தண்ணீரே மண்ணை வேரோடு சேர்த்துவிடும்.

நித்யா, மாலை 5:40
[படம்] பாதிக்கு மேல் முடித்துவிட்டேன், பெரியப்பா. ஒரு மூலையில் மட்டும் ஐந்தாறு நாற்றுகள் வேரோடு வேர் சிக்கிக்கொண்டு பிரிய மறுக்கின்றன.

பெரியப்பா, மாலை 5:52
இழுக்காதே. அந்தக் கொத்தை அப்படியே ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்க விட்டு லேசாக அலசு. மண் கரைந்ததும் வேர்கள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். பிறகும் பிரியாதவற்றில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கிவிடு. முளைத்தது அத்தனையையும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவதே நல்லது. ஒரு கிராமில் ஆயிரத்தை ஒட்டி எண்ணிக்கை வரும் விதை இது.

செல்வி அத்தை, மாலை 6:03
நறுக்கியதைக் குப்பையில் போட்டுவிடாதே, நித்யா. அலசி, பாசிப்பருப்புக் கோசுமல்லியில் கடைசியாகக் கலந்தால் இளசாக, கசப்பே இல்லாமல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

நித்யா, காலை 11:20
நட்ட நாற்றுகளில் சில தலை தொங்கி நிற்கின்றன. கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

பெரியப்பா, காலை 11:35
மண்ணில் ஈரம் இருந்தால் ஊற்றாதே. வேர் இன்னும் பிடிக்காததால் இலை இழக்கும் நீரை ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். வெளிச்சம் உள்ள, நேர் வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, மாலையில் நிமிர்கின்றனவா என்று பார்; நிமிர்ந்தால் பிழைத்துவிட்டன என்று பொருள். ஒரு வாரத்துக்கு உரம் எதுவும் வேண்டாம்.

அருண், பகல் 12:10
மாடித் தொட்டிக்கு எப்போது மாற்ற வேண்டும், மாமா?

பெரியப்பா, பகல் 12:30
விதைத்ததிலிருந்து மூன்று, நான்கு வாரத்தில் நான்கைந்து இலைகள் வந்துவிடும். அடியிலிருந்து தள்ளினால் வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு கட்டியாக வெளியே வர வேண்டும், உதிர்ந்தால் இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாம். மாற்றுவதற்கு முந்தைய ஒரு வாரம், முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு சற்றுக் கூடுதலாக என்று வெளியே வைத்துப் பழக்கு. மேகமூட்டமான நாளோ, மாலை நேரமோ பார்த்து, இலை இலையாகப் பறிக்கும் ரகமானால் 20 முதல் 25 சென்டிமீட்டரும், முட்டைக்கோஸ் போல உருண்டு கட்டும் ரகமானால் 30 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு நட்டு, மூன்று நான்கு நாள் நிழல்வலை கட்டிவிடு. இதற்குமேல் தாமதிக்க வேண்டாம். மாசி வெயில் ஏறினால் செடி பூத்தண்டு விட்டு, இலையில் பால் கூடிக் கசந்துவிடும்.

செல்வி அத்தை, பகல் 12:45
எனக்கும் ஒரு வரிசை ஒதுக்கி வை, நித்யா. அடுத்த மாதம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா, பகல் 12:52
கொடுக்கும்போது குழியிலிருந்து பிடுங்கிக் கொடுக்காதே, நித்யா. அந்த வரிசையைத் தட்டோடு கத்தரித்துக் கொடு. ஈரோடு போய்ச் சேரும்வரை வேர் கலையாமல் இருக்கும்.