மீன்தொட்டி செடிங்க: ஜாவா ஃபெர்ன் கருகுது, கிரிப்ட் கூழாகுது, என்ன தப்பு பண்றேன்?

வைகைக்கரை மீன்தொட்டி:
வணக்கம் மக்களே, மதுரைல இருந்து எழுதுறேன். 2 அடி டேங்க், 24க்கு 12க்கு 12 இஞ்ச், உள்ள கப்பி மீன் எட்டு, அடித்தரைய நோண்டுற கோரி மீன் மூணு. இத்தன நாள் பிளாஸ்டிக் செடிதான் கெடந்துச்சு, போன மாசம் சென்னை போனப்ப கொளத்தூர் கலர் மீன் மார்க்கெட்ல ஒரு ரவுண்டு அடிச்சு ஜாவா ஃபெர்ன் ரெண்டு, அனுபியாஸ் ஒண்ணு, கிரிப்ட் வெண்டி நாலு, வாலிஸ்நேரியா ஒரு கட்டு வாங்கி ஈரப் பேப்பர்ல சுத்தி பஸ்ல மடியிலயே வச்சு கொண்டாந்தேன். வந்து அஞ்சாவது நாள்ல கிரிப்ட் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி கூழாப் போச்சு, தொட்டா கையோட வருது. ஜாவா ஃபெர்ன் அடியில கருப்பாகுது, அதோட இலைக்கு கீழ வரிசையா கருப்புப் புள்ளி, ஏதோ நோயின்னு நெனச்சு அந்த இலையெல்லாம் வெட்டிட்டேன். வாலிஸ்நேரியா மொதல்ல வெள்ளையா சொரசொரன்னு ஆச்சு, இப்ப கரைஞ்சுட்டே போகுது. அனுபியாஸ் ஓரத்துல கருப்பா தாடி மாதிரி பாசி. லைட் காலைல 8 மணில இருந்து ராத்திரி 8 வரைக்கும் எரியுது, லிக்விட் உரமும் லிக்விட் கார்பனும் டெய்லி ஊத்துறேன், தேறட்டுமேன்னு போன வாரம் டபுளாக்கினேன். தண்ணி போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவு) 850 காட்டுது. ரெண்டு கிரிப்ட்ட பிடுங்கி பால்கனி பக்கெட்ல போட்டுட்டேன், மிச்சத்தையும் பிடுங்கிடவா?

கப்பி பைத்தியம்:
தண்ணி ஃபுல்லா மாத்தி ஃபில்டர் ஸ்பாஞ்ச சோப்பு போட்டு கழுவிட்டு கல்லுப்பு ரெண்டு கைப்பிடி போடுங்க ப்ரோ, எனக்கு எல்லா பிரச்சனைக்கும் அதான் மருந்து

பாசிக்கு பகைவன்:
சோப்பா!! மேல உள்ளவரு சொன்னத தயவுசெஞ்சு செஞ்சுடாதீங்க. மீன் கழிவ உடைக்குற பாக்டீரியா பாதி அந்த ஸ்பாஞ்சுலதான் குடியிருக்கு, சோப்பு பட்டா மீனுக்கும் ஆபத்து. மாத்துறதுக்காக வெளிய எடுத்த டேங்க் தண்ணியிலயே ரெண்டு தடவ பிழிஞ்சா போதும். உப்ப கப்பி தாங்கும், வாலிஸ்நேரியாவும் ஓரளவு தாங்கும், மத்த செடி தாங்காது, கோரிக்கும் ஆகாது.

ஒண்ணு கேக்குறேன், ஜாவா ஃபெர்னயும் அனுபியாசயும் எப்படி நட்டீங்க? மணலுக்குள்ளயா?

வைகைக்கரை மீன்தொட்டி:
ஆமாண்ணே, நல்லா ஆழமா, மேல கூழாங்கல்லும் வச்சேன், கோரி நோண்டிடும்னு

பாசிக்கு பகைவன்:
அதான் கருகுது. அந்த ரெண்டுலயும் இஞ்சி மாதிரி படுத்துக் கெடக்குற தண்டு இருக்கு பாருங்க, ரைசோம்பாங்க, அத பொதைச்சா அழுகிடும். வேர் மண்ணுக்குள்ள போனா பரவால்ல, தண்டு வெளிய இருக்கணும். ஒரு கட்டையிலயோ கல்லுலயோ தையல் நூலால கட்டுங்க, இல்ல ஃபெவிக்விக் மாதிரி பசைல ஜெல் வகை வாங்கி ஒரு சொட்டு வச்சு ஒட்டுங்க, தண்ணிக்குள்ள போனதும் இறுகிக்கும். தண்டு கெட்டியா பச்சையா இருந்தா உயிர் இருக்கு, அழுத்துனா கொழகொழன்னு நாத்தம் வந்தா அந்த துண்ட மட்டும் வெட்டிடுங்க.

அப்புறம் அந்த கருப்புப் புள்ளி நோயே இல்லீங்க. வித்துத்தூள் வர்ற எடம் அது, ஃபெர்ன் செடிங்கள்ல சகஜம். பழைய இலைலதான் குட்டிச் செடியும் மொளைக்கும். நீங்க வெட்டிப் போட்டது நாளைக்கு வர வேண்டிய செடி, வயித்தெரிச்சல்.

மழைக்காடு:
கண்டியிலயிருந்து எழுதுறன். கிரிப்ட் வெண்டி எங்கட நாட்டுச் செடி, அதால சொல்லாம இருக்க ஏலாது. பிடுங்காதீங்கோ! கரைஞ்சது இலை மட்டும்தான், வேர் அநேகமா உயிரோட இருக்கும். பண்ணைகளில இத தண்ணிக்கு மேல, ஈரக்காத்தில வளர்த்துத்தான் விக்கிறவை, திடீரென்டு தண்ணிக்குள்ள போட்டா பழைய இலைக்கு வேலையில்ல, உதிர்த்துப்போட்டு தண்ணிக்கேத்த புது இலை விடும். ஓடையில தண்ணி ஏறி இறங்குற இடத்தில வளர்ற செடிக்கு இதெல்லாம் பழக்கம். கூழான இலைய மட்டும் கிள்ளி எடுங்கோ, விட்டா அழுகி தண்ணிய கெடுக்கும். பிறகு மூண்டு நாலு கிழமைக்கு கை வைக்காதீங்கோ, இடம் மாத்துறதுதான் அதுக்கு பிடிக்காத வேலை.

வைகைக்கரை மீன்தொட்டி:
ஐயோ, தெனமும் எடம் மாத்தி மாத்தி வச்சுட்டு இருந்தேன் 🙈 சரி வாலிஸ்நேரியா? அது சும்மா போட்டாலே வளரும்னாங்களே

பாசிக்கு பகைவன்:
வளரும், நீங்க லிக்விட் கார்பன் ஊத்தலேன்னா. பேருதான் கார்பன், பல பிராண்டுல உள்ள இருக்குறது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரில கருவி சுத்தம் பண்ற சமாச்சாரம். வாலிஸ்நேரியா பல பேருக்கு அதுலயே கரைஞ்சிருக்கு, அதுல நீங்க டபுளு வேற. இன்னைக்கே நிறுத்துங்க.

அந்த வெள்ளை சொரசொரப்பு சுண்ணாம்புங்க. தண்ணில கரைஞ்ச சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) பத்தலேன்னா வாலிஸ்நேரியா மாதிரி செடிங்க போர் தண்ணில இருக்குற பைகார்பனேட்ல இருந்து கார்பன உறிஞ்சிக்கும், மிச்சம் இலை மேல சுண்ணாம்பா படியும். வாட்டர் ஹீட்டர் காயில்ல படியுதே அதேதான். பயப்பட ஒண்ணுமில்ல, சொல்லப்போனா கப்பிக்கும் வாலிஸ்நேரியாவுக்கும் உங்க தண்ணி தோதுதான், ஆர்ஓ எல்லாம் வேணாம்.

லைட்தான் பெரிய தப்பு. சிஓ2 சிலிண்டர் இல்லாத டேங்குல 12 மணி நேரம் எரிச்சா செடி சாப்பிட முடிஞ்சது போக மீதி பாசிக்குத்தான் விருந்து. ஒரு டைமர் வாங்கி 6 மணி நேரத்துக்கு வைங்க. உரம் பாட்டில்ல போட்டிருக்குற அளவுல பாதி, வாரம் ஒருக்கா. இந்த மாதிரி மெதுவா வளர்ற செடிக்கு அது தாராளம். கிரிப்ட் வேர் வழியா சாப்பிடுற ஜாதி, வெறும் மணல்னா வேருக்குப் பக்கத்துல ஒரு ரூட் டேப், அதாவது உர மாத்திரை, புதைச்சு விடுங்க.

ஊருணி:
காசு செலவில்லாம ஒரு வழி, கொஞ்சம் ஆகாயத்தாமரை குட்டி மேல மிதக்க விடுங்க, வெளிச்சத்தயும் மட்டுப்படுத்தும் மிச்ச உரத்தயும் உறிஞ்சும். ஆனா கண்மாய்ல இருந்து நேரா அள்ளிப் போட்டுறாதீங்க, நான் அப்படி வேலம்பாசி கொண்டாந்து போட்டு கூடவே தட்டான் குஞ்சு வந்து கப்பி குட்டி ஒண்ணு விடாம தின்னு தீத்துருச்சு. பக்கெட்ல ஒரு ரெண்டு வாரம் தனியா வச்சு தண்ணிய மாத்தி மாத்திப் பாத்துட்டு போடுங்க.

வைகைக்கரை மீன்தொட்டி:
அஞ்சு வாரம் கழிச்சு வந்துருக்கேன். டைமர் போட்டாச்சு, மதியம் 3ல இருந்து ராத்திரி 9, ஆபீஸ் விட்டு வந்து பாக்கவும் தோதா இருக்கு. ஃபெர்ன ரெண்டயும் கட்டைல கட்டுனேன், ஒண்ணு தண்டே அழுகி போயிருச்சு, இன்னொண்ணுல சுருட்டுன மாதிரி புது இலை மூணு. டேங்குல விட்ட ரெண்டு கிரிப்ட்லயும் செவப்பா குட்டி இலை எட்டிப் பாக்குது. இதக் கேளுங்க, பால்கனி பக்கெட்ட அம்மா காலி பண்ணாமலே விட்டுருக்காங்க, நேத்து பாத்தா நான் பிடுங்கிப் போட்டதும் தளிர் விட்டுருக்கு, அதயும் எடுத்து நட்டாச்சு. வாலிஸ்நேரியா நாலு வேர்தான் மிஞ்சுச்சு, அதுல ஒண்ணு கொடி ஓட விட்டுருக்கு. தாடிப் பாசி மட்டும் அப்படியே இருக்குண்ணே, அந்த அனுபியாஸ் இலைகள வெட்டவா?

பாசிக்கு பகைவன்:
மோசமா இருக்குறத மட்டும் வெட்டுங்க, ஒரே நாள்ல எல்லாத்தயும் வேணாம், அது மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ இலைதான் விடும். புது இலைல ஏறலேன்னா ஜெயிச்சுட்டீங்க. வாரம் கால்வாசி தண்ணி மாத்துறத விட்டுறாதீங்க.

வைகைக்கரை மீன்தொட்டி:
சரிண்ணே. கண்ணாடில பொடிப்பொடியா நத்தை ஊறுது, பக்கெட் கிரிப்ட்டோட வந்துருச்சு போல. அதுக்கு தனியா ஒரு இழை போடுறேன்