ஃபைப்ரோமயால்ஜியா: மாத்திரை தொடங்கியாச்சு, ஆனால் நடந்தால் வலி கூடுது

வைகைக்கரை (கேள்வி)

அம்மாவுக்கு 52 வயது. கழுத்து, தோள்பட்டை, முதுகு, இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்க வலி, ஒரு வருடத்துக்கு மேல். ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்) டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று உறுதி செய்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர், சிஆர்பி (அழற்சி), டிஎஸ்ஹெச் (தைராய்டு), சிகே (தசைச் சேதம்) எல்லாம் நார்மல். வைட்டமின் டி மட்டும் குறைவு.

இரவுக்கு ஒரே மாத்திரை: ப்ரீகாபலின் 75 மி.கி. (நரம்பு வலி மருந்து), நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. (மனச்சோர்வு மருந்து வகை, வலிக்கும் தருவது) இரண்டும் சேர்ந்தது. வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று. தினமும் நடக்கவும் சொல்லியிருக்கிறார்.

1. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்றால் வலி எங்கிருந்து வருது? வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள்.
2. 40 நிமிடம் நடந்தால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியலை. நடையை விட்டுவிடலாமா?
3. மாத்திரை தொடங்கி 10 நாள். வலி அப்படியேதான் இருக்கு, காலையில் மந்தமும் கிறுகிறுப்பும் வேற. கடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பிசியோ_திருச்சி

இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கு, அதிலிருந்து வருகிறேன். நடையை விட வேண்டாம், அந்த 40 நிமிடத்தை விடுங்கள். இந்த நோய்க்கு உடற்பயிற்சியும் ஒரு மருந்து. ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், மருந்து உட்பட எத்தனையோ சிகிச்சைகளை அலசிவிட்டு, "உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்" என்று சொன்னது உடற்பயிற்சி ஒன்றைத்தான். ஆனால் மருந்து என்றால் அளவு உண்டு. "தினமும் நட" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது, மி.கி. எழுதாமல் மாத்திரைச் சீட்டு கொடுப்பது மாதிரி.

அளவு கண்டுபிடிக்கும் முறை இதுதான். சாதாரணமான மூன்று நாள், சமதளத்தில் நடக்கச் சொல்லி, வலி வழக்கத்தைவிட ஏறத் தொடங்கும் நிமிடத்தைக் குறியுங்கள். 8, 12, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் முக்கால் பங்கு, அதாவது 7 அல்லது 8 நிமிடம்தான் தொடக்க அளவு. நல்ல நாளிலும் 8, மோசமான நாளிலும் 8. "இன்னைக்கு நல்லா இருக்கு, இன்னும் ஒரு ரவுண்டு போறேன்" என்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். 8-லிருந்து 20 போய்ச் சேர 12 வாரம் ஆகும், ஆகட்டும்.

நடந்த பிறகு வலி கொஞ்சம் ஏறி, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்பி, அதிலேயே இரண்டு வாரம் இருக்கணும். வேகம்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. 20 நிமிடம் தொடர்ச்சியாக முடியாவிட்டால் காலையும் மாலையும் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம்.

ஊரே 5 மணிக்கு வாக்கிங் போகுது என்று அம்மாவையும் கிளப்பிவிடாதீர்கள். இந்த நோயில் விறைப்பு அதிகம் இருப்பதே அதிகாலையில். வெந்நீரில் குளித்து, உடம்பு இளகி, 9 மணிவாக்கில் நடக்கலாம். வெயில் என்றால் மாலை 5-க்கு மேல். மொட்டைமாடி என்றால் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் வேண்டாம், குதிகால் மெத்தென்ற செருப்பு போடணும். சின்ன மாடியில் அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும், கிறுகிறுப்பு உள்ளவருக்கு அது சரிப்படாது.

நான்கைந்து வாரம் போனபின் தசைப் பயிற்சி சேர்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 5 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 5 தடவை, வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. எடையைத் தாங்கியபடி மெல்ல மெல்லக் கீழே இறக்கும் அசைவுதான் மறுநாள் வலியைக் கூட்டும். அதனால் ஆரம்பத்தில் உயரமான நாற்காலி, குறைந்த தூரம். அழுத்தி உருவிவிடும் மசாஜ் இப்போதைக்கு வேண்டாம், இந்தத் தோல் லேசான அழுத்தத்தையே வலியாக எடுத்துக்கொள்ளும்.

மருந்துச்சீட்டு

மூன்றாவது கேள்விக்கு: வேண்டாம். டைக்ளோஃபெனாக் அழற்சியைக் குறைக்கும் மருந்து. இந்த நோயில் மூட்டிலோ தசையிலோ அழற்சி இல்லை, அதனால்தான் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் நார்மல். வலி நிற்காது, வயிற்றுப்புண், சிறுநீரகம், பிபி என்று பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். கூடவே முழங்கால் தேய்மானம் இருந்தால் அதற்கு டாக்டர் தரலாம், அது வேறு கணக்கு. ஸ்டீராய்டும் அப்படித்தான். பெயர் எழுதாத பொட்டலத்தில் யாராவது "வலிப் பொடி" கொடுத்து ஒரே நாளில் பிரமாதமாக இருக்கு என்றால் அதில் ஸ்டீராய்டோ வலி மாத்திரைத் தூளோ கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

10 நாள் போதாது. தாங்கக்கூடிய அளவில் நான்கு முதல் ஆறு வாரம் எடுத்த பிறகுதான் வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும். ப்ரீகாபலின் 75 தொடக்க அளவு. அமெரிக்காவில் இந்த நோய்க்கு அங்கீகரித்த அளவு நாளுக்கு 300 முதல் 450 மி.கி. அதற்காக நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துத்தான் ஏற்றணும்.

காலை மந்தத்துக்கு முதலில் நேரத்தைப் பாருங்கள். இரவு 11-க்குப் போட்டால் காலை 8 வரை இழுக்கும். இரவு 8 மணிக்கே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். இரவில் பாத்ரூம் போக எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழணும். வாய் வறட்சி, மலச்சிக்கல் நார்ட்ரிப்டிலினால். கணுக்கால் வீக்கம், எடை ஏறுவது ப்ரீகாபலினால். இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதில் இதுதான் தொல்லை, ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லலாம். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கடையில் அடிக்கடி கண்ணில் படும் சிக்கல்: ஆர்த்தோ டாக்டர் ஒரு "நரம்பு மாத்திரை" எழுதுவார், நியூரோ டாக்டர் இன்னொன்று. பிராண்ட் பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, பின்பக்கம் சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டிலும் ப்ரீகாபலின், ஒன்றில் மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) கூட. ஆள் தள்ளாடுவார், "வயசாயிடுச்சு" என்பார்கள். பழைய அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து இவற்றோடு ப்ரீகாபலின் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். நிறுத்துவதென்றால் ஒரேயடியாக வேண்டாம், குறைந்தது ஒரு வாரம் படிப்படியாக.

வைட்டமின் டி 60,000 வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம். தினமும் ஒன்று என்று தப்பாகப் போட்டால் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சாப்பாட்டுக்குப் பிறகு போடணும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சாது.

நிலவறை

மேலே சொன்னதில் ப்ரீகாபலின் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-ல் இந்த நோய்க்கு அதை அங்கீகரித்தது, உண்மை. ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டி வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-ல், ஃபைப்ரோமயால்ஜியாவும் அடங்கிய நாட்பட்ட முதன்மை வலிக்கு (வேறு நோயால் விளக்க முடியாத நீண்டகால வலி), ப்ரீகாபலின், பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள், ஓபியாய்டு (கோடீன், மார்ஃபின் வகை) எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றை மட்டும் யோசிக்கலாம் என்றது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்தும் தூக்கமும் அன்றாட வேலையும் தேறவில்லை என்றால் "இது எதற்கு?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வலி 30 சதவீதம் குறைந்தாலே பலன் என்றுதான் ஆய்வுகளில் கணக்கு. பூஜ்யத்தை எதிர்பார்த்து நாலு டாக்டர் மாற்றுவதில் பயனில்லை.

முதல் கேள்வி. 2002-ல் ஒரு எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) ஆய்வு. கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். மற்றவர்களுக்குப் பெரிய அழுத்தம் தேவைப்பட்ட அதே மூளைப் பகுதிகள், இந்த நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்தன. வலி நிஜம், அதைப் பெரிதாக்குவது நரம்பு மண்டலம். வீட்டில் இதைச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை இந்த நோயைக் கண்டுபிடிக்க அல்ல, தைராய்டு மாதிரி வேறு எதுவும் இல்லை என்று பார்க்க. 1990-ல் 18 புள்ளிகளை அழுத்தி 11-ல் வலித்தால்தான் நோய் என்றார்கள். 2016 அளவுகோலில் அழுத்திப் பார்ப்பதே இல்லை. 19 இடங்களில் எத்தனையில் வலி என்பதற்கு ஒரு மதிப்பெண், களைப்பு, புத்துணர்ச்சி தராத தூக்கம், நினைவுத் தடுமாற்றம், தலைவலி முதலியவற்றுக்கு 12-க்கு இன்னொன்று. முதல் மதிப்பெண் குறைந்தது 7, இரண்டாவது குறைந்தது 5 இருக்கணும், அல்லது முதலாவது 4 முதல் 6 வரை, இரண்டாவது குறைந்தது 9 இருக்கணும்; மூன்று மாதமாவது நீடித்திருக்கணும், உடலின் ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி இருக்கணும்.

தூக்கம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதி. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வையுங்கள், ஞாயிறும் சேர்த்து. மதியத் தூக்கம் 20 நிமிடம், 3 மணிக்கு முன். காபி 2 மணியோடு சரி. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறினால் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சைக் கவனிக்கும் பரிசோதனை) செய்யணும். படுத்தால் கால் குறுகுறுத்து அசைத்துக்கொண்டே இருக்கணும் போலிருந்தால் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு) பாருங்கள். அந்தத் தொந்தரவை நார்ட்ரிப்டிலின் கூட்டவும் செய்யும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. இன்னொன்று: வலி குறைந்த நாளில் அம்மா ஒட்டடை அடித்து, மாவாட்டி, போர்வையெல்லாம் துவைத்துவிடுகிறார். அடுத்த மூன்று நாள் படுக்கை. சொன்னால் கேட்பதில்லை.

பிசியோ_திருச்சி

"ஓய்வெடு" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். வேலையை மாற்றிக் கொடுங்கள். ஒரே வேலையில் 20 நிமிடம், கடிகாரம் அடித்ததும் பாதியில் இருந்தாலும் நிறுத்தம், 10 நிமிடம் உட்காரணும். கை மேலே தூக்கும் வேலைக்குப் பின் உட்கார்ந்து செய்யும் வேலை. ஒட்டடை ஒரு நாளைக்கு ஒரு அறை.

கிரைண்டரில் குழவிக்கல்லைத் தூக்குவதும் பாத்திரத்தோடு மாவைச் சாய்ப்பதும் வேறு யாராவது செய்யட்டும், அம்மா கரண்டியால் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றலாம். அரிவாள்மனைக்குப் பதில் மேசையில் கத்தி. குனிந்து பெருக்கும் விளக்குமாறுக்குப் பதில் நீளக் கம்பு வைத்தது. போர்வையை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை இழுக்கும், மெஷின் இல்லாவிட்டால் குழாயில் தொங்கவிட்டு நீர் வடியட்டும். கொடி தோள் உயரத்துக்கு மேல் இருந்தால் தாழ்த்திக் கட்டுங்கள்.

வழக்கமான மோசமான நாளில் அளவு அதேதான்; படுக்கையில் தள்ளும் அளவுக்கு வலி ஏறிவிட்ட நாட்களில் மட்டும் குறைக்கலாம், அப்போதும் முழுக்கப் படுக்க விடாதீர்கள். நடை பாதியாகட்டும், 8 என்றால் 4. வெந்நீர்ப் பை 15 நிமிடம், துணி சுற்றி. மாத்திரையைக் கூட்ட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் பழைய அளவு.

மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், கையைத் தூக்கவே பலமில்லை, புதிதாகத் தலைவலியோடு மெல்லும்போது தாடை வலி என்று எது வந்தாலும் இதன் கணக்கில் எழுதாமல் உடனே டாக்டர்.

மருந்துச்சீட்டு

ஒன்று கேட்க விட்டுப்போச்சு. அம்மா கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் எடுக்கிறாரா? சிகே நார்மலாக இருந்தாலும் அந்த வகை மாத்திரையால் தொடை, தோள் வலி வரலாம். வலி தொடங்கிய மாதத்தையும் மாத்திரை தொடங்கிய மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரே சில வாரம் நிறுத்திப் பார்ப்பதா, வேறு மாற்றுவதா என்று முடிவு செய்வார்.

வைகைக்கரை

ரோசுவாஸ்டாட்டின் 10 எடுக்கிறார். வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட், எல்லா அட்டையையும் கவரில் எடுத்துப் போகிறேன்.